கீழடிக்குக் கைதட்டல், கொல்லைக் குழிக்கு முணுமுணுப்பு

அக்டோபர் பிறந்தால் ஆக்லாந்துத் தமிழ் வீடுகளில் இரண்டே பேச்சுதான். ஒன்று, தீபாவளிக்கு எந்த ஹால். இன்னொன்று, மழை குறையுதே, இந்த சம்மரிலாவது டெக் போட்டுவிடலாமா, பழைய கராஜை இடித்துவிட்டு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்க ஒரு அறை கட்டிவிடலாமா. முதல் பேச்சைப் பற்றி இந்தப் பத்தியில் போதுமான அளவு சண்டை போட்டாயிற்று. இந்த மாதம் இரண்டாவது.

அதிலும், யாரும் பட்ஜெட்டில் எழுதாத ஒரு ஆளைப் பற்றி. டிக்கருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையில் கொத்தனார் கரண்டி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் குழியையே பார்த்துக்கொண்டு நிற்பவர். தொல்லியலாளர். "சும்மா நிற்கிறதுக்கு மணிக்கணக்கில் சம்பளமா?" என்று நம் ஆட்கள் கேட்கும் அந்த ஆள்.

ஹோவிக், ஒனெஹுங்கா, பன்மூர், ஒட்டஹுஹு பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இவர் வர வாய்ப்பு அதிகம். காரணம் 1847. நியூசிலாந்தில் அப்போது ஆங்கிலேய ஆட்சிக்குப் படை குறைவு. ஓய்வு பெற்ற சிப்பாய்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஆக்லாந்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இந்த நாலு ஊர்களிலும் காவலாகக் குடியமர்த்தினார்கள். ஃபென்சிபிள்கள் என்று பெயர். 7 வருஷம் கூப்பிட்ட நேரத்துக்கு வந்தால், ஒரு சின்ன வீடும் ஒரு ஏக்கர் நிலமும் சொந்தம். அவர்களில் பலர் அதற்கு முன்னால் நம் இந்தியாவில் துப்பாக்கி தூக்கியவர்கள் என்பது ஒரு கூடுதல் வேடிக்கை. ஹோவிக்கில் கப்பல் வந்த அதே 1847இல் எழும்பிய ஆல் செயின்ட்ஸ் மரக் கோயில் இன்னும் நிற்கிறது. அந்த ஒரு ஏக்கர்கள்தான் துண்டு துண்டாகி, இன்று நாம் மார்ட்கேஜ் கட்டும் செக்‌ஷன்களாகக் கிடக்கின்றன.

பள்ளிப் பிள்ளைகள் ட்ரிப் போகும் ஹோவிக் வரலாற்றுக் கிராமம் தெரியும்தானே? 1980இல் திறந்தது. என் மகளும் போய், பழங்காலத்துச் சட்டை மாட்டி போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல இடம். ஆனால் அங்கே இருக்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை வேறு வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கப்பட்டவை. வீடு பக்குரங்கா பூங்காவுக்குப் போய்விட்டது. அந்த வீட்டின் கிணறும், கக்கூஸ் குழியும், உடைந்த தட்டை வீசிய குப்பைக் குழியும் போகவில்லை. அவை எங்கே இருந்தனவோ அங்கேயே, யாரோ ஒருவருடைய லானுக்குக் கீழே இருக்கின்றன. அதற்கும் கீழே போனால், ஃபென்சிபிள்களுக்குப் பல நூறு வருஷம் முன்பே இந்தக் கரையில் வாழ்ந்த ஙாய் தாய் மக்களுடைய அடுப்புகள், சிப்பிக் குவியல்கள். உண்மையான வரலாற்றுக் கிராமம் நம் துணிக்கொடிக்கு அடியில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டின் ஹெரிட்டேஜ் நியூசிலாந்து சட்டப்படி, 1900க்கு முன்பு மனிதர்கள் புழங்கிய, இந்நாட்டு வரலாற்றுக்குச் சான்று தரக்கூடிய எந்த இடமும் தொல்லியல் இடம். அது பதிவேட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. நிலம் உங்கள் பெயரில் இருக்கிறதா, வங்கி பெயரில் இருக்கிறதா என்பதும் கணக்கில்லை. அப்படி ஒரு இடம் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நியாயம் இருந்தோ, அதைக் கலைக்க வேண்டுமென்றால் முன் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும்போது பெரும்பாலும் ஒரு நிபந்தனையும் சேர்ந்து வரும்: மண்ணைத் தோண்டும்போது தொல்லியலாளர் நின்று கவனிக்க வேண்டும். அனுமதி கையில் கிடைத்த அன்றே டிக்கரைக் கூப்பிட முடியாது. மேல்முறையீட்டுக்கு என்று 15 வேலை நாள் காத்திருக்க வேண்டும். சிறு வீடுகளைக் கட்டட அனுமதி இல்லாமலே கட்டலாம் என்று அண்மையில் விதி தளர்ந்ததே, அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது வேறு சட்டம், இது வேறு சட்டம்.

இஹுமாதாவோ மாதிரிப் பெரிய இடங்கள் என்றால் போராட்டம் வரும், டிவி வரும், பிரதமர் பேசுவார். 40 சென்டிமீட்டர் அகலக் குழாய்ப் பள்ளத்துக்கு யார் வருவார்கள்? ஆனால் ஒரு பழைய ஊர் அழிவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பள்ளங்களால்தான். இவர் வீட்டில் ஒரு கராஜ், அவர் வீட்டில் ஒரு ஸ்விம்மிங் பூல், எதிர் வீட்டில் ரிட்டெய்னிங் சுவர். ஒவ்வொன்றும் சின்னது. 50 வருஷம் கழித்துப் பார்த்தால் ஊரின் அடிமண்ணே மிச்சமிருக்காது.

எங்கள் வீட்டுக் கதை இப்படித்தான் நடந்தது. அப்பா அம்மாவுக்குப் பின்பக்கம் ஒரு அறை, கூடவே ஒரு பாத்ரூம். அறைக்குக் கம்பங்கள் மட்டும் போதும். பாத்ரூம் என்றால் கழிவுக் குழாய் வேண்டும், குழாய் என்றால் வீட்டைச் சுற்றி 20 மீட்டர் பள்ளம். வரைபடம் போட்டுக் கொடுத்தவரே சொல்லிவிட்டார், பழைய செட்டில்மென்ட் பகுதி, தொல்லியலாளரிடம் ஒரு மதிப்பீடு வாங்குங்கள் என்று. மதிப்பீடு, விண்ணப்பம், இந்த நிலத்தின் மாவோரி மக்களிடம் கருத்து, காத்திருப்பு, பிறகு கண்காணிப்பு, அதற்கப்புறம் அறிக்கை. மொத்தச் செலவு, ஒரு நல்ல கிச்சன் பெஞ்ச்டாப் போடுகிற பணம். நாங்கள் போடவிருந்த பெஞ்ச்டாப்தான் அது. இப்போதும் பழசிலேயே தோசை மாவு ஊற்றி வைக்கிறோம்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, மறைக்கவில்லை. கிடைக்கும் அறிவு எல்லோருக்கும் பொது. செலவு முழுக்க அந்த வீட்டுக்காரருக்கு. ஒரு கம்பெனி அடுக்குமாடி கட்டும்போது இந்தப் பணம் தூசு. வயதான பெற்றோருக்கு அறை கட்டும் குடும்பத்துக்குத் தூசு இல்லை. கவுன்சிலோ அரசோ சின்ன வேலைகளுக்கு ஒரு பங்கு கொடுத்தால், மூடி மறைப்பவர்கள் பாதியாகக் குறைவார்கள் என்று நினைக்கிறேன்.

மூடி மறைப்பது என்றேனே. அதுதான் இந்தப் பத்தியை எழுத வைத்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செலவைப் புலம்பியபோது, பத்து நிமிஷத்துக்குள் நாலு ஆலோசனை வந்தது. "சனிக்கிழமை காலைல தோண்டிருங்க அண்ணா, யாரும் வர மாட்டாங்க." "சிப்பி வந்தா மண்ணைப் போட்டு மூடிருங்க, யாருக்குத் தெரியப் போகுது?" "எங்க வீட்ல ஒரு ஸ்கிப் நிறைய சிப்பி வந்துச்சு, நான் வாயே திறக்கலையே." சிரிப்புப் படங்கள் வேறு. இதே குழுவில்தான் கீழடி பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கைதட்டல் படங்கள் நூறு விழும். 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தபோது ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. ஊருக்குப் போகிற எல்லோரும் அங்கே நின்று பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடுகிறோம். நல்லதுதான், நானும் போட்டிருக்கிறேன்.

ஆனால் கீழடியில் அவர்கள் செய்ததும், என் வீட்டுக் கொல்லையில் அந்தப் பெண் நின்று செய்ததும் ஒரே வேலை. அளவு மட்டும்தான் வேறு.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் பிப்ரவரி. அப்பா அம்மா அப்போது விசிட்டர் விசாவில் வந்திருந்தார்கள். முன் அறையில் மகளோடு நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். அப்பாவுக்கு இங்கே பொழுது போகாது, குழி தோண்டுவதென்றால் விடுவாரா? காலை ஏழரைக்கே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

தொல்லியலாளர் முதலில் டிக்கர்க்காரரிடம் பக்கெட்டை மாற்றச் சொன்னார். பல் வைத்த பக்கெட் வேண்டாம், பல் இல்லாத தட்டை பக்கெட் போடுங்கள் என்று. பல் மண்ணைக் கிழித்து எல்லாவற்றையும் கலந்துவிடும். தட்டை விளிம்பு வெண்ணெய்க் கத்தி மாதிரி வழித்துக்கொண்டு போகும். ஒரு வழிப்புக்குப் பத்து சென்டிமீட்டர். வழித்து, நிறுத்தி, அவர் இறங்கிப் பார்த்து, கையை அசைத்தால் அடுத்த வழிப்பு.

"ஏண்டா தம்பி, ஒரு சாக்கடை தோண்டுறதுக்கு ஒரு படிச்ச பொண்ணு நின்னு பார்க்கணுமா?" என்றார் அப்பா.

"சட்டம்பா."

"சட்டம் சரி. அந்தப் பொண்ணு என்னத்தத் தேடுது? தங்கமா?"

நல்ல கேள்வி. அதை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பொருளைத் தேடவில்லை, நிறம் மாறும் இடத்தைத் தேடுகிறேன் என்றார். மேலே லானும் தோட்ட மண்ணும். அதன் கீழே ஒரு கையளவுக்குக் கரியும் உடைந்த கண்ணாடியும் துருப்பிடித்த ஆணிகளும் கலந்த மண். ஒரு வெள்ளைக் குச்சி கிடைத்தது. சுண்ணாம்புக்கட்டி என்று நினைத்தேன். களிமண்ணில் செய்த புகைக் குழாயின் உடைந்த தண்டு. அந்தக் காலத்தில் சிகரெட் துண்டு போல வீசியெறிந்திருக்கிறார்கள். ஃபென்சிபிள் யாராவது குடித்ததா, அவர் பேரன் குடித்ததா தெரியாது. அதற்கும் கீழே பளீரென்று வெள்ளை வந்தது. டிக்கர் நின்றது.

சிப்பிகள். ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்குப் பரந்து, நடுவில் கறுப்பு மண், கறுப்பில் வெந்து வெடித்த கற்கள். தரையில் குழி வெட்டி, கல்லைச் சூடேற்றி, மேலே உணவை வைத்து மூடி வேக வைக்கும் ஹாங்கி அடுப்பின் அடி என்றார். யாரோ கடற்கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்கி வந்து, இங்கே சமைத்து, இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, ஓட்டை இங்கேயே போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். மியூசியத்தில் வைக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. குப்பை.

அந்தக் குப்பைக்கு அவர் கொடுத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே. வேலை ஒன்றரை நாள் நின்றது. மாவோரி மக்களின் பிரதிநிதிக்குத் தகவல் போனது; வயதான ஒரு அம்மா வந்து குழி ஓரத்தில் நின்று மெல்லிய குரலில் ஒரு பிரார்த்தனை சொன்னார். எங்கள் அம்மா சமையலறையிலிருந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல், செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். பிறகு கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்து, கோடு போட்ட அளவுகோலை வைத்துப் படமெடுத்து, பள்ளத்தின் பக்கச் சுவரைக் கட்டக் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொரு அடுக்குக்கும் எண் கொடுத்தார். கரியில் பெரிய கட்டையை விட்டுவிட்டு மெல்லிய குச்சியாகப் பொறுக்கினார். ஏன் என்றால், 200 வருஷ மரத்தின் நடுத்தண்டை எரித்திருந்தால் கார்பன் கணக்கு மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், சமைத்த காலத்தை அல்ல. குச்சிக்கு வயது கம்மி, அது பொய் சொல்லாது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சர்வர் விழுந்துவிட்டது, லாக் ஃபைலைத் திறக்கிறீர்கள். ஆயிரம் வரி இருக்கிறது, ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் நேர முத்திரையை எல்லாம் அழித்து, வரிகளையும் கலைத்துப் போட்டுவிட்டார். ஒரு வரிகூடக் குறையவில்லை. ஆனாலும் அந்த ஃபைல் பிரயோஜனமில்லை. எது முதலில், எது அடுத்து என்பது போய்விட்டால் எல்லாம் போயிற்று. மண்ணின் அடுக்குதான் அந்த நேர முத்திரை. மோட்டுட்டாப்பு தீவில் மனிதக் காலடித் தடங்களும் நாய்களின் தடங்களும் கிடைத்தன. ரங்கிட்டோட்டோ சுமார் 600 வருஷம் முன்பு வெடித்தபோது விழுந்த சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே அவை பதிந்திருந்தன. சாம்பலுக்கு நடுவே இருந்ததால்தான், எரிமலை பொங்கிய காலத்தில் ஆட்கள் அங்கே நடந்தார்கள் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. ஸ்கிப்பில் அள்ளிப் போட்டிருந்தால் அது வெறும் சாம்பல் மண்.

நேர முத்திரை போய்விட்ட பொருளுக்கு உலகத்திலேயே எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் நம்முடையது. வெலிங்டனில் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, தமிழ் மணி. நியூசிலாந்துத் தமிழர் எல்லோரும் ஒருமுறையாவது பெருமையடித்திருப்போம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் வாங்கரே பக்கம் ஒரு மாவோரி ஊரில் பார்த்தார். வாய்ப்பகுதி உடைந்த வெண்கல மணியைக் கவிழ்த்து, பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, பெருங்காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் என்றார்களாம். விளிம்பில் ஓடும் எழுத்து தமிழ். முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று சொல்கிறது.

எழுத்து தெளிவாக இருக்கிறது. உரிமையாளர் பெயரே இருக்கிறது. ஆனால் எப்போது வந்தது? தமிழ்க் கப்பல் இங்கே வந்ததா, ஆளில்லாமல் மிதந்து வந்த கப்பலா, ஐரோப்பியர் கப்பலில் பழைய பித்தளையாக ஏறி வந்ததா? எழுத்தின் வடிவத்தை வைத்து 500 வருஷம் என்பார் ஒருவர், அவ்வளவு இல்லை என்பார் இன்னொருவர். முடிவு சொல்ல வழியில்லை. அந்த மரம் எது, எந்த வேர், மணி கிடந்த மண்ணோடு வேறு என்ன கிடந்தது, மேலே என்ன அடுக்கு, கீழே என்ன அடுக்கு? ஒன்றும் கிடையாது. அந்த வேர்க்குழியில் ஒரு கைப்பிடிக் கரி இருந்திருந்தால்கூட, நாம் இந்த நாட்டுக்கு வந்த கதை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கலாம், அல்லது நம் வாய் மூடப்பட்டிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் தெரிந்திருக்கும்.

கீழடிக்கு வாருங்கள். தமிழ்நாட்டு அரசு 2019இல் வெளியிட்ட அறிக்கையில் எல்லோர் வாயிலும் புகுந்த எண் கி.மு. 580. வாட்ஸ்அப்பில் அந்த எண் மட்டும் சுற்றும். அதோடு இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை: 353 சென்டிமீட்டர். அந்தக் கரி மாதிரி எடுக்கப்பட்ட ஆழம். அந்த 353 இல்லையென்றால் 580க்கு ஒரு மதிப்பும் இல்லை. எங்கோ கிடந்த ஒரு கரித்துண்டு, அவ்வளவுதான். 2025இல் மத்தியத் தொல்லியல் துறைக்கும் கீழடியை முதலில் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணனுக்கும் நடுவே அவருடைய அறிக்கையைப் பற்றி எழுந்த இழுபறி நினைவிருக்கும். அரசியல் ஒருபுறம் இருக்கட்டும், அது இந்தப் பத்தியின் வேலை இல்லை. துறை கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? ஆழம் மட்டும் போதாது, அடுக்கு எண்ணும் குறிப்பிட வேண்டும் என்பது. அதாவது, நம் பெருமை முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது, யாரோ ஒருவர் வெயிலில் நின்று குழியின் பக்கச் சுவரைப் பார்த்து எழுதிய குறிப்பில். எங்கள் வாட்ஸ்அப் குழு கேலி செய்த அதே வேலையில்.

நம் ஊரில் சொந்த நிலத்தில் கிணறு வெட்டுகிறவரைச் சுற்றி இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் 100 மீட்டருக்குள் கட்டவே முடியாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும்; அது கறாரான சட்டம்தான். மற்ற இடங்களுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வெள்ளைக்காரன் கவலை பொருளின் விலை. அடுக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அடுக்குக்கு யார் 10 ரூபாய் கொடுப்பார்?

நடைமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கும் சிலர் கையில் ஏற்கனவே டிக்கர்க்காரரின் கொட்டேஷன் இருக்கும். வீடு வாங்கும் முன்பே கவுன்சிலின் இணைய வரைபடத்தில் பாரம்பரிய இடங்கள் என்ற அடுக்கைத் திறந்து பாருங்கள். பதிவான இடங்கள் புள்ளிகளாகத் தெரியும். நாடு முழுக்க உள்ள பதிவுகளை ஆர்ச்சைட் என்ற பதிவேட்டில் தொல்லியல் சங்கம் வைத்திருக்கிறது. புள்ளி இல்லை என்பதற்காகக் கீழே ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது. கடலோரம், எரிமலைச் சரிவு, 1847க் குடியிருப்பு, இந்த மூன்றில் ஒன்றிலாவது இருந்தால் வரைபடம் போடும் முன் கேட்டுவிடுவது லாபம். லாபம் என்று பணத்தைத்தான் சொல்கிறேன். கான்கிரீட் தளத்துக்குப் பதில் கம்பங்கள், புதுப் பள்ளத்துக்குப் பதில் பழைய குழாய் ஓடிய அதே பள்ளம் என்று முன்கூட்டி மாற்றினால் கலைபடும் மண் குறையும், நிற்கும் ஆளின் மணிக்கணக்கும் குறையும். எங்கள் 20 மீட்டரில் 8 மீட்டர் அப்படித்தான் குறைந்தது.

முன்யோசனையே இல்லாமல் தோண்டும்போது சிப்பி, கறுப்பு மண், வெந்த கல், பழைய செங்கல் என்று ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டு ஹெரிட்டேஜ் நியூசிலாந்துக்குச் சொல்ல வேண்டும். எலும்பு என்றால் போலீசுக்கும். மனித எலும்பாக இருந்தால் மாவோரி மக்களுக்கு அது தாத்தா பாட்டி. நம் வீட்டில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி. பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். மண்ணில் பச்சைக்கல் பதக்கமோ கல் உளியோ கிடைத்தால் அது பாக்கெட்டுக்குப் போகக் கூடாது. அது மாவோரிப் பழம்பொருள் என்றால் 28 நாளுக்குள் அருங்காட்சியகத்திலோ கலாசார அமைச்சகத்திலோ தெரிவிக்க வேண்டும், சட்டமே அப்படி. என் மகள் கேட்டாள், சிப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று. வேண்டாம் என்றார் தொல்லியலாளர். அதற்குப் பதில் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். அறிக்கையில் ஒரு படத்தின் ஓரத்தில் அவள் விரல் நுனி இருக்கிறது.

அறிக்கை பல மாதம் கழித்து வந்தது. மெல்லிய பிடிஎஃப். எங்கள் கொல்லைக்கு இப்போது ஆர்11 என்று ஆரம்பிக்கும் ஒரு எண் உண்டு. அடுப்பு எரிந்த காலம் ஐரோப்பியர் வருவதற்கு முந்தையது. அதற்கு மேல் அது பெரிதாக எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பக்கத்துத் தெருவில் யாராவது தோண்டும்போது அந்த அடுப்போடு இந்த அடுப்பை ஒட்டிப் பார்ப்பார்கள்.

அப்பா அம்மா அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி வீடியோ கால். எங்கள் ஊர் திருப்புவனம் பக்கம். கொந்தகையில் முதுமக்கள் தாழிகள் கிடைத்ததாகப் பேப்பரில் படித்திருப்பீர்கள், அந்த வட்டாரம்தான்.

"தம்பி, அந்தப் பொண்ணு சுவத்தைப் படம் வரைஞ்சிருக்குல்ல, கோடு கோடா."

"ஆமாப்பா."

"எங்க சித்தப்பா தோப்புல கிணறு வெட்டுனப்ப தாழி வந்துச்சு. நான் எட்டாப்பு படிச்சேன். பெருசு, ஒரு ஆள் உள்ள உக்காரலாம். கடப்பாரையால ஒரே போடு. ஓட்டையெல்லாம் வண்டிப்பாதைக் குழில போட்டு மூடுனோம்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒண்ணு இல்லடா. மூணு நாலு இருக்கும். செம்மண்ணு முடிஞ்சு சுக்கான் ஆரம்பிக்கும்ல, ஒரு ஆள் ஆழத்துல, சரியா அந்த இடத்துல. அதுக்கு மேல வண்டல் ஒரு முழம். அதுல சங்கு வளையல் துண்டு கெடந்துச்சு, தாழிக்குள்ள இல்ல, மேல."

"இருங்கப்பா, எழுதிக்கிறேன்."

"கிணறு இப்ப தூர்ந்து போச்சு. ஆனா வடகிழக்கு மூலைல இன்னும் நாலு தென்னை நிக்குது. அதுக்குக் கீழ யாரும் தோண்டல."

மேப்பைத் திறந்து, சாட்டிலைட் படத்தில் தோப்பைப் பெரிதாக்கினேன். இன்னும் கொஞ்சம் வலது பக்கம், வாய்க்காலைத் தாண்டாதே என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த நாலு தென்னை மேல் ஒரு புள்ளி வைத்தேன்.